பத்துக்கு எத்தனை?

“தஹயென் கீயத, அம்மே?”

பத்துக்கு எத்தனை என்று அந்த மிஸ் கேட்டா. நோவே இல்லையென்றால் பூச்சியம், இதுக்கு மேல தாங்க ஏலாது என்றால் பத்து. அம்மா எங்களைப் பார்த்தா, கதவைப் பார்த்தா, பிறகு மெதுவா “ரெண்டு” என்றா. நாங்கள் மிஸ்ஸின் பக்கம் திரும்பி “ஹதக்” என்றோம். ஏழு.

இது நடந்தது கொழும்பில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில், எங்கள் முதல் நாள். நோ அம்மாவுடையது. போனது மூன்று பேர்: அம்மா, கம்பஸில் கலைப்பீடத்தில் படிக்கிற மூத்தவள், ஏ.எல். எடுத்துவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிற இளையவள். ஒருத்தி போதும்தான். ஆனால் ஒருத்தியின் சிங்களம் நல்லம், மற்றவளுக்குத்தான் அம்மாவின் வருத்தங்கள் எல்லாம் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனோம்.

அம்மா கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே தைக்கிறவ. சாறி பிளவுஸ்தான் கூட. வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு கடைக்கு இருபது வருஷமா தைத்துக் கொடுக்கிறா. வயசு 51. போன வருஷம் ஆடி மாதம் போல வலது தோளில் நோ தொடங்கியது. மெஷினில் குனிந்து இருக்கிறதால வந்த உளைவு என்றா. நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். சித்தாலேப வாசம் எங்கள் வீட்டில் புதுசு இல்லையே.

பிறகு ஆளாளுக்கு ஒரு வைத்தியம். மேல்மாடி அன்ரி நல்லெண்ணெய் காய்ச்சித் தந்தா. ஊரிலிருந்து மாமி போனில் நொச்சி இலை ஒத்தடம் சொன்னா. யாரோ “கையை ஆட்டாதேங்கோ, ஓய்வு குடுங்கோ” என்று சொல்ல, அம்மா மிச்சத் துணியில் தானே ஒரு தூளி தைத்துக் கையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டா. நல்ல நேர்த்தியான தூளி, இரட்டைத் தையல். மூன்று மாதம் அதோடு திரிந்தா. தோளை இன்னும் இறுக்கியது அந்தத் தூளியும்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போனால் அம்மா எப்பவும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடுறவ. அந்தக் கருங்கல் தூண்களுக்கு நடுவில், சின்ன வயசில், கூட்டத்துக்குள் அம்மாவின் கையைத் தேடித்தான் நாங்கள் வழி கண்டுபிடிப்போம். மார்கழியில் போனபோது நெஞ்சோடு வைத்துக் கும்பிட்டா. பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் டொக்டர்தான் பிடித்தார். சேர்ட்டின் பின்பக்கத்தைத் தொடுகிற மாதிரிக் கையைக் கொண்டுபோகச் சொன்னாராம். அம்மாவின் கை இடுப்புப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு அது பெரிய வெற்றி. “எக்ஸ்ரேயில ஒண்டும் இல்லையாம், சும்மா நோதான்” என்று வீடு முழுக்கச் சொன்னா. எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு. எலும்பைச் சுற்றி இருக்கிற மெல்லிய உறை இறுகினால் அது படத்தில் பெரும்பாலும் தெரியாது. டொக்டர் துண்டில் எழுதித் தந்தது அதைத்தான்: ஃப்ரோசன் ஷோல்டர், பிசியோவுக்கு அனுப்புக.

முதலில் வெள்ளவத்தையில் ஒரு தனியார் இடத்தில் விசாரித்தோம். தமிழில் கதைப்பார்கள், பின்னேரமும் திறந்திருக்கும், காத்திருக்கத் தேவையில்லை. ஒரு தடவைக்குச் சொன்ன காசைக் கேட்டு அம்மா மனதுக்குள் எத்தனை பிளவுஸ் என்று கணக்குப் போட்டா. முகத்தில் தெரிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போவோம் என்றா.

காலை ஏழு மணிக்கு முதலே போய் நம்பர் துண்டு எடுக்க வேண்டும். கதவுக்கு மேலே மூன்று மொழியில் போர்ட். தமிழில் ‘இயன்மருத்துவப் பிரிவு’. அம்மா அதை எழுத்துக் கூட்டி வாசித்து, “அதென்ன இயன்?” என்றா. நாளுக்கு நாற்பது தடவை “ஏலாது” என்று சொல்கிற மனுசிக்கு இயலும் என்பதன் இயன் என்று விளங்கப்படுத்தினோம். போர்ட்டில் தமிழ் அவ்வளவுதான். உள்ளே நிரப்பத் தந்த படிவத்தில் ஒரு சொல்லும் இல்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாச்சு; அந்தப் படிவத்துக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லைபோல.

நீங்களும் ஒருநாள் யாரையாவது கூட்டிக்கொண்டு போவீர்கள் என்பதால் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறோம். ஆஸ்பத்திரி என்றதும் வருகிற டெட்டோல் மணம் இல்லை. சூடான மெழுகு மணம். கை விறைத்தவர்கள் உருகின மெழுகுக்குள் கையைத் தோய்த்து எடுக்கிற ஒரு தொட்டி இருக்கிறது. சுவரில் பெரிய சக்கரம், கயிறும் கப்பியும், ரெண்டு பக்கமும் பிடித்து நடக்கிற கம்பிகள். அந்தக் கம்பிகளுக்கு நடுவில் ஒரு மாமா, பாரிசவாதம் வந்தவராக இருக்க வேண்டும், ஒரு காலை முன்னால் வைக்கிறதுக்கு எடுத்த நேரத்தில் நாங்கள் ஒரு வாட்ஸ்அப் வாசித்து முடித்தோம். பிறகு வெட்கப்பட்டு போனை உள்ளே வைத்தோம். த்ரீவீல் அக்சிடென்ட், மரத்தால் விழுந்தது, குழந்தையின் கால். ஒருத்தரும் படுத்திருக்கவில்லை. எல்லாரும் ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் இருந்தார்கள்.

எங்களுக்குக் கிடைத்த மிஸ்ஸுக்கு எங்களைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். அம்மாவை “அம்மே” என்றா. தமிழ் கொஞ்சம் வரும் என்று “கை”, “வலி”, “மேலே” என்று மூன்று சொல் சொல்லிக் காட்டினா. மிச்சத்துக்கு நாங்கள்.

தொடும் முதலே அரை மணித்தியாலம் போல கேள்விதான். எப்ப தொடங்கியது, விழுந்தீங்களா, எந்தக் கைப் பழக்கம், என்ன வேலை, வேற என்ன வருத்தம், என்ன மருந்து. மருந்துப் பெட்டிகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தது எங்கள் முதல் பிழை. “வெள்ளைக் குளிசை ஒண்டு, ரோஸ் கலர் ஒண்டு” என்று அம்மா சொன்னதை எந்த மொழியில் பெயர்த்தாலும் பிரயோசனம் இல்லை. கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்துத் துண்டு மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கோ.

அடுத்தது நோ எப்படியானது என்ற கேள்வி. இங்கேதான் நாங்கள் தடுமாறினோம். அம்மா சொன்னது: “பகல்ல உளைவு. ராவில குத்து. சில நேரம் கையால கடுத்துக்கொண்டு இறங்கும்.” உளைவுக்கு சிங்களத்தில் என்ன? ‘கெக்கும’ என்று சொல்லிப் பார்த்தோம், கிட்டத்தட்ட சரி. குத்துக்கு ஊசியால் குத்துகிற மாதிரிக் கையால் காட்டினோம். கடுப்பை விட்டுவிட்டோம். மிஸ் அதையெல்லாம் இங்கிலிஷில் எழுதினா. அம்மாவின் தோளிலிருந்து அந்தத் தாளுக்குப் போகிறதுக்குள் உளைவு மூன்று மொழி கடந்துவிட்டது. வழியில் எவ்வளவு சிந்தியிருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். கம்பஸில் மொழிபெயர்ப்புக் கோட்பாடு என்று ஒரு பாடம் எடுத்தாச்சு, நல்ல மாக்ஸும் வந்தது. அங்கே ஒருத்தரும் “சமாளிக்கலாம்” என்ற சொல்லை என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. நித்திரை வருதா? “சமாளிக்கலாம்.” சமைப்பீங்களா? “சமாளிக்கலாம்.” நாங்கள் ஏலும் என்று சொல்வதா, ஏலாது என்று சொல்வதா?

ரெண்டை ஏழாக்கியது அப்போதுதான். பொய் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அம்மா குறைத்துச் சொல்வா என்று தெரியும், நாங்கள் கூட்டிச் சொன்னோம், சமன்.

மிஸ் எங்களைப் பார்த்தா, அம்மாவைப் பார்த்தா. எழுதவில்லை. பேனையை வைத்துவிட்டு அம்மாவின் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மெதுவான சிங்களத்தில், கையாலும் காட்டி, ஒவ்வொரு வேலையாகக் கேட்டா. தலை இழுக்க ஏலுமா? உடுப்புக் கொடியில் துணி போட? மேல் தட்டில் சாமான் எடுக்க? முதுகுப் பக்கம் கொளுவி போட? எங்களைப் பார்த்து, “நீங்கள் பதில் சொல்லாதேங்கோ, அம்மா சொல்றதை மட்டும் சொல்லுங்கோ” என்றா. கோபமா இல்லை. ஆனால் முகம் சூடானது.

அம்மா எங்களைப் பார்க்காமல் சொன்னா.

தலை பின்ன ஏலாது. அதுதான் வெட்டினது. தை மாதம் அம்மா தலைமயிரைத் தோளளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தபோது, வெக்கை தாங்க ஏலாது என்றா. நாங்கள் “அம்மா ஸ்டைலாகிட்டா” என்று படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டோம். பின்பக்கம் கொளுவி போட ஏலாது; எல்லாத்தையும் முன்பக்கக் கொளுவியா மாத்தித் தைத்தாச்சு. வலது பக்கம் சரிந்து படுத்தால் எழும்பிவிடுவா, ரெண்டு மணிக்குப் பிறகு நித்திரை இல்லை, அதால்தான் நாலு மணிக்கே குசினியில் வெளிச்சம். பெரிய துணியை மேசையில் விரித்து வெட்டக் கை நீட்ட ஏலாது. ஒரு கல்யாண ஓடரைத் திருப்பி அனுப்பியாச்சு.

ஒவ்வொன்றையும் நாங்கள் சிங்களத்தில் சொன்னோம். எங்கள் வீட்டில் நடந்ததை, ஒரு அந்நிய மனுசிக்குச் சொல்கிறபோதுதான் முதல்முதலா நாங்களே கேட்கிறோம். இளையவள் பாதியில் நிற்பாட்டிவிட்டாள். மூத்தவள் முடித்தாள்.

பிறகு சோதனை. உடுப்பு விஷயம் சொல்ல வேண்டும். அம்மா ஆஸ்பத்திரிக்கு மரியாதையாகப் போக வேண்டும் என்று சாறி உடுத்து, தான் தைத்த ஒட்டின கை பிளவுஸோடு வந்திருந்தா. தோளைப் பார்க்க வேண்டும் என்றதும் அதைக் கழற்றவே பத்து நிமிஷம். திரை ஒன்று இருந்தது, முழுசா மூடாது. நாங்கள் ரெண்டு பேரும் இடைவெளியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொள சட்டையும் பாவாடையும் போதும். பெண் பிசியோதான் வேண்டும் என்றால் நம்பர் எடுக்கிற இடத்திலேயே கேட்கலாம், அதில் பிழை ஒன்றுமில்லை. நோகிற இடத்தில் நிற்பாட்டச் சொல்லவும் ஏலும். அம்மாவுக்கு அது தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தா, மிஸ்தான் முகத்தைப் பார்த்து நிற்பாட்டினா.

தோள் நோவுக்கு முதலில் கழுத்தைத் திருப்பச் சொன்னா. கழுத்திலிருந்து வருகிற நோவும் தோளில் தெரியுமாம், அதைத் தள்ளிவைக்க. பிறகு நல்ல கை, அதுக்குப் பிறகுதான் நோகிற கை. கொம்பாஸ் பெட்டிப் பாகைமானிக்கு ரெண்டு நீளக் கால் முளைத்த மாதிரி ஒரு சாமான். அதைத் தோளில் வைத்து அளந்தா. முன்னால் தூக்க இடது 170, வலது 95. பக்கத்தால் தூக்க 165, 70. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்ப இடது 80, வலது 10. பத்தே பத்து. மிஸ் தானே பிடித்துத் திருப்பியும் அங்கேயே நின்றது. ஆளுக்குப் பலம் இல்லாததால் நிற்பது வேறு, வேற ஆள் தள்ளினாலும் நிற்பது வேறு. ரெண்டாவதுதான் இந்த வருத்தத்தின் அடையாளம்.

அம்மா வாழ்நாள் முழுக்க மற்ற ஆட்களின் தோளை அளந்தவ. தன்னை ஒருத்தர் அளப்பது பிடிக்கவில்லையா பிடித்ததா தெரியாது, ஆனால் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தா. “கை ஏறேல்ல, தோள்பட்டைதான் ஏறுது, கண்ணாடியில பாத்தனான்” என்றா. நாங்கள் பெயர்த்ததும் மிஸ் சிரித்துவிட்டு, அதைத்தான் நானும் எழுதப்போனேன் என்றா. பிறகு தன் சட்டைக் கையைப் பிடித்து, உள்ளே இருக்கிற துணி சுருங்கினால் வெளித்துணி நல்லா இருந்தாலும் கை உயராதே என்று சிங்களத்தில் தொடங்க, நாங்கள் வாய் திறக்கும் முதல் அம்மா சொன்னா: “லைனிங்.”

“ஆ, லைனிங்!” என்றா மிஸ்.

லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் தைத்தால் முதல் கழுவலிலேயே சுருங்கிவிடும் என்று அம்மா சொல்ல, அதை நாங்கள் பெயர்க்க, மிஸ் தன் பிளவுஸ் ஒன்றுக்கும் அப்படி நடந்தது என்று சொல்ல, பின்னால் நம்பர் வைத்திருந்த ஆட்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரை வைத்தவர் பொஸ்டன் நகர சத்திரசிகிச்சை டொக்டர் ஏர்னஸ்ட் கொட்மன், 1934இல். யப்பானில் இதுக்குப் பெயர் ‘ஐம்பது வயசுத் தோள்’. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், பெண்களுக்குக் கூட, சீனி வருத்தக்காரருக்கு இன்னும் கூட. ஏன் தொடங்குகிறது என்று பல பேரில் சரியான காரணம் பிடிபடுவதில்லை. முதலில் நோ கூடும், பிறகு நோ குறைந்து இறுகும், பிறகு மெல்ல மெல்ல இளகும். ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் எடுக்கலாம். இதைப் பெயர்க்கிறபோது மூன்று வருஷத்தை முழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தோம். முழுங்கவில்லை. ஏற்கெனவே ஒருக்கால் பிடிபட்டாச்சே.

அம்மா கேட்டது ஒரே கேள்வி: “கரண்ட் பிடிக்கேல்லையா?” பிசியோ என்றால் மெஷின் என்றுதான் எங்கள் ஆட்களுக்கு. மேல்மாடி அன்ரிக்கு முழங்காலுக்குக் கரண்ட் பிடித்தவையாம். மிஸ் சூட்டுப் பொதி ஒன்றைத் தோளில் கால் மணித்தியாலம் வைத்தா, அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் அம்மா செய்ய வேண்டியது. மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கிணற்று வாளி மாதிரித் தொங்கவிட்டு ஆட்டுவது. இதுக்கும் கொட்மனின் பெயர்தான். சுவரில் விரலால் ஏறுவது, ஏறின இடத்தில் பென்சிலால் கோடு. தடியைப் பிடித்து நல்ல கையால் நோகிற கையை வெளிப்பக்கம் தள்ளுவது. ஒரு நாளைக்கு மூன்று தரம். செய்த பிறகு வருகிற நோ கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டும், ராவு முழுக்க இழுத்தால் கூடிப்போச்சு, குறைக்க வேண்டும். ஊசி போடுகிற வழியும் இருக்கிறது, ஆனால் அந்த மருந்து சீனியைக் கொஞ்ச நாளைக்கு ஏற்றும், டொக்டரோடு கதையுங்கோ என்றா. தூளியைக் கழற்றி எங்கள் கையில் தந்துவிட்டா.

ரெண்டு மணித்தியாலம் காத்திருந்து, ஒரு மணித்தியாலம் உள்ளே இருந்து, கடைசியில் ஒரு தாளும் நாலு பயிற்சியும். ஏமாந்த மாதிரித்தான் இருந்தது, மறைப்பானேன்.

வெளியே வந்ததும் அம்மா வெள்ளவத்தைக்குப் போக வேண்டும் என்றா. காலையிலிருந்து இடது கையில் பிடித்துக்கொண்டிருந்த பையை அப்போதுதான் கவனித்தோம். வெட்டாத நாலு பிளவுஸ் துணி. கடைக்குத் திருப்பிக் கொடுக்க.

காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் அம்மாவுக்கு மட்டும் சீட் கிடைத்தது. நாங்கள் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்தோம். பம்பலப்பிட்டி தாண்டும்போது அம்மா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னா: “ஹத எண்டு சொன்னனீங்கள் என்ன?”

மறந்தேபோனோம். இருபது வருஷமா சிங்களக் கஸ்டமரோடு அளவும் விலையும் கதைக்கிறவ அம்மா. நோவுக்குத்தான் சிங்களம் தெரியாது. இலக்கம் முழுக்கத் தெரியும்.

“சொறி அம்மா.”

“ஏழில்லை,” என்றா. “எட்டு.”

வெள்ளவத்தைச் சந்தியில் இறங்கும்போது பையை வாங்கிக்கொண்டோம். கடை அன்ரி துணிகளை எடுத்து வைக்கவில்லை. ரெண்டை எடுத்துவிட்டு ரெண்டைத் திருப்பித் தந்து, அவசரம் இல்லை, ஐப்பசிக்குள் தந்தால் போதும் என்றா. அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இப்போது அந்த ரெண்டும் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேசையில் விரித்து வெட்டுவது இளையவள், கோடு போடுவது அம்மா. முதலாவதில் கழுத்து கோணிவிட்டது.

போன கிழமை அளந்தபோது வெளிப்பக்கம் 25. சுவரில் பென்சில் கோடு ஸ்விட்ச் போர்ட்டுக்குக் கிட்ட வந்திருக்கிறது. மிஸ் பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது நாங்கள் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு மெழுகுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா “பஹக்” என்றா. அஞ்சு. உண்மையா என்று மிஸ் கேட்கவில்லை, எழுதினா.

நாளைக்கும் கிளினிக். நம்பர் எடுக்க ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும், இந்த முறை மூத்தவளின் முறை.